மாப்பிள்ளை காரும் ஸ்டேஜ் த்ரீ கிளட்சும்

வாங்க தம்பி, வாங்க. கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடல, தள்ளுங்க. திருப்பூர்ல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? போன்ல நீங்க பேசுன பேச்சுக்கு, வண்டியை உறும விட்டுக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துவீங்கன்னு பார்த்தேன். ஓ, கிளட்ச் போயி வண்டி ஷெட்டுல நிக்குதா. அதுவும் சரிதான். கிளட்ச் நல்லா இருக்கறவன் எதுக்கு, கிளட்ச் விற்பனைக்குன்னு நான் போட்ட விளம்பரத்தைப் படிக்கப் போறான்.

உக்காருங்க. கோகிலா, தம்பிக்கு ஒரு காபி! அவ வெளியில வர மாட்டா. இந்தச் சாமானத்தைப் பத்திப் பேச்செடுத்தாலே என்ற சம்சாரத்துக்குக் காது அடைச்சுக்கும். காபி மட்டும் வரும்.

இந்தாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் விஷயம் புரியும். இது வண்டியோடவே கம்பெனியில இருந்து வந்த கிளட்ச் தட்டு. வட்டம் முழுக்க பிரேக் லைனிங் மாதிரி ஒட்டியிருக்குதுங்களா? நடுவுல நாலு ஸ்பிரிங்கு. இது ஒரேடியாப் பிடிக்காது. சித்த வழுக்கும், யோசிக்கும், போலாமா பொறுக்கலாமான்னு கேட்கும், அப்பறம் மெதுவாப் பிடிக்கும். இது நம்மளுது. ஸ்டேஜ் த்ரீ. எத்தனை துண்டு, எண்ணுங்க. ஆறு. செம்பையும் செராமிக்கையும் சேர்த்து அழுத்திச் செஞ்சது. ஸ்பிரிங்கைத் தேடாதீங்க, கிடையாது. ஒண்ணு பிடிக்கும், இல்லீன்னா விட்டுரும். நடுவுல பேச்சே இல்லை. எனக்குப் பிடிச்சதே அந்தக் குணந்தாங்க.

எதுக்குக் கழட்டுனேன்னு கேட்கறீங்க. சும்மாதான். ஒரு மாறுதலுக்கு. மூணு மாசம்கூட ஓடல, புதுசு மாதிரியே இருக்குது. என்னங்க, நம்பாத மாதிரி பார்க்கறீங்க? சரி, காபி வர்றவரைக்கும் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

நான் கணபதியில லேத் பட்டறை வச்சிருக்கேன். பம்புக்கு ஷாஃப்ட் கடையற வேலை. முடி கனம் பிசகினாலும் சாமானத்தைத் தூக்கி எறியறவன், அதனால எனக்கு யாரும் வந்து அளவு சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி டர்போ பெட்ரோல். வாங்குனப்பவே நல்லாத்தான் ஓடுச்சு. அதுதான் பிரச்சினை. நல்லா ஓடற வண்டியை எத்தனை நாளைக்குத்தான் அப்படியே வச்சுக்கிட்டு இருக்கறது? லேப்டாப்போட வந்த ஒரு ஆளைப் பிடிச்சு, எஞ்சின் கம்ப்யூட்டர்ல மேப்பை மாத்துனேன். டர்போ ஊதற காத்து கூடுச்சு. இழுவை ஒண்ணுக்கு ஒண்ணரை ஆச்சு. ஒரு வாரம் நான் தரையில நடக்கலீங்க.

அடுத்த வாரம் அவினாசி ரோட்டுல பாலம் ஏறறேன். நாலாவது கியர்ல மிதிக்கறேன். எஞ்சின் சுத்தைக் காட்டற முள்ளு அஞ்சாயிரத்துக்குத் தாவுது. வண்டி எனக்கென்னன்னு அதே வேகத்துலதான் போகுது. உள்ள ஒரே கருகல் நாத்தம். பின்னாடி வந்த ஒரு மொபட்டு என்னைத் தாண்டிப் போச்சு. சாதா மொபட்டு இல்லை, மீன் பெட்டி கட்டுன மொபட்டு. போறப்ப திரும்பி வேற பார்த்தான்.

சிங்காநல்லூர்ல ஆரோக்கியம்னு நம்ம மெக்கானிக். வண்டியை இறக்கித் தட்டைக் கழட்டிக் கையில குடுத்தாரு. இதேதான், பாருங்க, எப்படிக் கருகியிருக்குன்னு. "அண்ணா, நீங்க ஏத்துன இழுவையைக் கம்பெனி தட்டு தாங்காது, வாஸ்தவம். ஸ்டேஜ் ஒண்ணு போட்டுக்குங்க. தட்டு இதே மாதிரிதான், அழுத்தற பிளேட்டு மட்டும் கெட்டியா இருக்கும். வீட்டுக்கும் பட்டறைக்கும் போயிட்டு வர்றதுக்கு அது எதேஷ்டம்"னாரு. எதேஷ்டமாம். ஸ்டேஜ் த்ரீ எப்படின்னு கேட்டேன். "அது ரேஸ் டிராக்குல ஒருக்கா எடுத்தா நிறுத்தாம ஓட்டறவங்களுக்குண்ணா. ஊருக்குள்ள நின்னு நின்னு போறதுக்கு ஆகாது. கால் மூட்டும் போயிரும்"னாரு.

நானும் ஒத்துக்கிட்டுத்தான் வந்திருப்பேன். ஆனா எங்களுக்கு ஒரு குரூப்பு இருக்குது. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு வண்டி சேர்ந்து ஆனைகட்டி வரைக்கும் போயி இட்லி சாப்பிட்டுட்டு வருவோம். இட்லி கணபதியிலயே கிடைக்கும், அது வேற விஷயம். அந்தக் குரூப்புல ஜெயச்சந்திரன்னு ஒரு பல் டாக்டரு. அவரு வண்டியில ஸ்டேஜ் டூ. "நீங்க என்ன போடப் போறீங்க தங்கமுத்து?"ன்னு அத்தனை பேருக்கு முன்னாடி கேட்டாரு. பல்லைப் பிடுங்கறவரே ரெண்டு வச்சிருக்கறப்ப, இரும்பைக் கடையறவன் ஒண்ணுன்னு சொல்ல முடியுமாங்க? சொல்ல முடியாதுல்ல? மூணுன்னுட்டேன்.

போட்டாச்சு. பெடலை மிதிச்சா சும்மா மலையைத் தள்ளற மாதிரி இருந்துச்சு. ஆம்பளை வண்டின்னா அப்படித்தான் இருக்கணும். நியூட்ரல்ல நின்னா கியர்பாக்ஸ் கடகடன்னு சத்தம் போடும், தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி. எதுத்த வீட்டுக்காரரு ரெண்டு தடவை வெளியில வந்து, "வண்டியில என்னமோ கழண்டுருச்சுங்க"ன்னு சொன்னாரு. அவருக்கு எங்க தெரியும்? சம்சாரம் ரெண்டு நாள் ஓட்டுனா. மூணாவது நாள் சாவியைச் சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டா. அஞ்சு வருசமா கார் ஓட்டுன பொம்பளை. என்னடான்னு கேட்டா, காத்தோட்டமா இருக்குதாம். சரி, அவ இஷ்டம். என்ற மூட்டுல பெல்ட்டு போட்டிருக்கறதைப் பார்க்கறீங்களா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. அது குளிருக்கு.

ஆனா மிதிச்சா! அந்தப் பாலத்துல, நாலாவது கியர்ல, முள்ளும் வண்டியும் ஒண்ணா ஏறுச்சு பாருங்க. ஒரு பொட்டு வழுக்கல் இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னு கேட்டா நான் அதைத்தான் சொல்லுவேன். பாலத்து மேல ஸ்டேஜ் த்ரீயை அடிச்சுக்க ஆளில்லை. பாலம் ஏறாத நேரத்துல என்னன்னு கேட்காதீங்க. ஆனைகட்டியில பல் டாக்டரு மூணு கார் நீளம் பின்னாடி வந்தாரு. அன்னைக்கு இட்லி அமிர்தமா இருந்துச்சு.

இந்தச் சமயத்துலதான் சௌமியா கல்யாணம் வந்துச்சு. சௌமியா என்ற அக்கா மரகதத்தோட புள்ளை. எனக்குக் கொழந்தை இல்லீங்க. அந்தப் புள்ளையத்தான் நான் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். காது குத்துனப்ப என்ற மடியிலதான் உக்காந்திருந்தா, வலி பொறுக்காம என்ற மணிக்கட்டைக் கடிச்சுப் போட்டா. அவ மேல எனக்கு உசுருங்க. இதுல கேலியெல்லாம் இல்லை.

மாப்பிள்ளை கவின். பெங்களூர்ல வேலை. நல்ல பையன்னு எல்லாரும் சொன்னாங்க. என்ன வண்டி வச்சிருக்கீங்கன்னு நான் கேட்டேன். ஆட்டோமேட்டிக்காம். கிளட்சே கிடையாது. ஆண்டவன் இடது காலை எதுக்குக் குடுத்தான்னே தெரியாத மனுசன். சரி, சௌமியாவுக்குப் பிடிச்சிருக்குதுன்னு விட்டுட்டேன்.

காங்கேயத்துப் பக்கம் மண்டபம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் அரைக் கிலோமீட்டர் மேளதாளத்தோட கார்ல கூட்டிட்டு வரணும். அக்கா உள்ளூர்ல ஒரு வாடகைக் காருக்குச் சொல்லி வச்சிருந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தாய்மாமன் ஒருத்தன் டர்போ வண்டி வச்சுக்கிட்டு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, மாப்பிள்ளை வாடகைக் கார்ல வர்றதா? "தம்பி, உன்ற வண்டி துள்ளுதுன்னு கோகிலா சொன்னாளே"ன்னு அக்கா கேட்டுச்சு. பார்த்தீங்களா, வீட்டுக்குள்ளயே எப்படி ஆளுகன்னு? ஆரோக்கியம்கூட போன்ல, "அண்ணா, மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியா? வேண்டாம்ண்ணா"ன்னாரு. "நீ ஸ்பேனரைப் பிடி, கல்யாணத்தை நான் பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டேன்.

தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா? ஆகலயா. அப்ப இதைக் கவனமாக் கேட்டுக்குங்க. முதல் கியர்ல ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் போகும். மேளக்காரங்க மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் போவாங்க. அதுவும் இவங்க நாதஸ்வரம் பத்தாதுன்னு செண்டை மேளம் வேற சொல்லியிருந்தாங்க. செண்டைக்காரங்க பத்தடி நடப்பாங்க, நின்னு அஞ்சு நிமிசம் அடிப்பாங்க, மறுபடி பத்தடி. கம்பெனி கிளட்சா இருந்தா பாதி மிதிச்சு வழுக்க விட்டுக்கிட்டே பின்னாடி ஊர்ந்து போலாம். இது வழுக்குமா? வழுக்கறது அதுக்குப் பரம்பரையிலயே இல்லை.

மொத தடவை விட்டேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்னுச்சு. முன்னாடி கட்டியிருந்த ரோசாப்பூ மாலை போய்த் தவில்காரரு முதுகுல விழுந்துச்சு. அவரு, யாரோ மரியாதை பண்றாங்கன்னு நெனச்சுத் திரும்பிக் கும்பிட்டாரு. ரெண்டாவது தடவை பம்பர் அவரு பின்னங்காலைத் தொட்டுருச்சு. அப்பறம் அவரு கும்பிடல. வேற மாதிரி பார்த்தாரு. நான் அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அவங்க ஒரு முப்பதடி போகட்டும்னு விட்டுட்டு, அப்பறமா ஒரே தாவுல போய்ச் சேர்ந்துக்கறது. எப்படி யோசனை? நல்ல யோசனைதானே? நான் தாவறப்பவெல்லாம் செண்டைக்காரங்க ஆளுக்கொரு பக்கமா ஓடுனாங்க. ஓடிக்கிட்டே அடிச்சாங்க, அதையும் சொல்லணும். தாளம் தப்பல.

உள்ள மாப்பிள்ளை பின்சீட்டுல தலைப்பாகையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் கண்ணாடியில பார்த்து, "இது ஸ்டேஜ் த்ரீங்க மாப்ள, கொஞ்சம் கெட்டியாப் பிடிக்கும்"னேன். "நல்லா இருக்குதுங்க மாமா"ன்னாரு. நாலு தெரிஞ்ச பையன்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

மண்டபத்துக்கு இன்னும் இருநூறு அடி. அந்த இடம் சித்த மேடு. அங்க போட்டோக்காரரு வந்து, "சன்ரூப்பைத் திறங்க சார், மாப்பிள்ளை எந்திரிச்சு நின்னு கை காட்டட்டும்"னாரு. திறந்தேன். மாப்பிள்ளை எந்திரிச்சு மேல தலையை நீட்டிக் கும்பிட்டாரு. கூட்டம் கை தட்டுச்சு. மேளம் மேல போயிருச்சு, இடைவெளி ஆயிருச்சு. பின்னாடி பட்டாசுக்காரன் விசில் அடிக்கறான். மேடு வேறயா, நான் கொஞ்சம் தாராளமாவே ஆக்சிலேட்டர் குடுத்துக் கிளட்சை விட்டேன்.

பிடிச்சுது பாருங்க. இழுவை பத்தலைன்னு யாரும் குத்தம் சொல்ல முடியாது.

டமார்னு ஒரு சத்தம். நான் கியர்பாக்ஸோன்னு பயந்துட்டேன். நல்லவேளை, மாப்பிள்ளையோட வாய். சன்ரூப்பு விளிம்புல அடிச்சு, முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சு, உதடு கிழிஞ்சு, பட்டுச் சட்டை முழுக்க ரத்தம். வண்டி அப்பவே அணைஞ்சும் போச்சு. மறுபடி ஸ்டார்ட் பண்றேன், கூட்டம் விடல. மாப்பிள்ளையை இறக்கி, வாயில துண்டை வச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. அவரு பக்கத்து ஆளுக ஆறு பேரு பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டியைத் தள்ளுனாங்க. பூ ஜோடிச்ச வண்டி, உள்ள நான் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். போட்டோக்காரரு அதையும் எடுத்தாரு. கூறு வேண்டாமா ஒரு மனுசனுக்கு?

பல் டாக்டரு கல்யாணத்துக்கு வந்திருந்தாரு. நான்தான் கூப்பிட்டிருந்தேன், வண்டி ஊர்வலத்துல வர்றதை அவரு பார்க்கட்டும்னு. அவருதான் மணமகன் ரூமுல வச்சு ஐஸ் குடுத்து ரத்தத்தை நிறுத்துனாரு. வெளியில வர்றப்ப என்ற காதுகிட்ட வந்து, "ஸ்டேஜ் த்ரீ நல்லாப் பிடிக்குதுங்க"ன்னாரு. படிச்ச மனுசன் பேசற பேச்சா இது?

இதோட போயிருந்தாப் பரவால்லைங்க. உதடு வீக்கம் எத்தனை நாளைக்கு? ஆனா மண்டபத்துக்குள்ள மாப்பிள்ளையோட பெரியப்பா அவினாசியப்பன் எந்திரிச்சு நின்னுட்டாரு. அந்த வீட்டுல அவரு சொன்னாத்தான் எதுவும். "மண்டபத்துக்குள்ள காலெடுத்து வைக்கறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளை ரத்தம் சிந்தியாச்சு. இது நல்லதுக்கில்லை. கொலதெய்வத்துகிட்டப் பூக் கேட்டுட்டு, உத்தரவு வந்தா அப்பறம் வேற முகூர்த்தம் பார்க்கலாம்"ங்கறாரு. பூக் கேட்கறதுன்னா உங்களுக்குத் தெரியுமில்ல? வெள்ளைப் பூவையும் செவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு எடுக்கறது. நெனச்ச பூ வராம வேற பூ வந்துட்டா அந்தச் சம்பந்தமே அத்துப்போச்சு. விடிஞ்சா தாலி, ஆயிரம் பேருக்கு எலை போட்டாச்சு. அக்கா நின்ன இடத்துலயே தூணைப் பிடிச்சுக்கிச்சு.

ஆனா பெரியவரு நியாயஸ்தன். உடனே முடிவு சொல்லல. என்னைப் பார்த்தாரு. "ஏனுங்க தாய்மாமா, வண்டியில எதாச்சும் கோளாறுங்களா? இருந்தாச் சொல்லிருங்க. இரும்புச் சாமானம், அது கோளாறு பண்றதுக்கெல்லாம் நாம பூக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது"ன்னாரு.

மொத்த மண்டபமும் என்னைப் பார்க்குதுங்க. அக்கா பார்க்குது. மாடிப்படியில சௌமியா, பாதி ஜோடிச்ச தலையோட நின்னு பார்க்கறா. மூணாவது வரிசையில பல் டாக்டரு, பாயசத்தைக் கையில வச்சுக்கிட்டுப் பார்க்கறாரு. 'ஆமாங்க, கோளாறுதான். நான் போடக்கூடாததைப் போட்டுட்டேன்.' அம்புட்டுத்தான். அஞ்சு வார்த்தை. சொல்லியிருந்தா எல்லாரும் சிரிச்சுட்டுப் பந்திக்குப் போயிருப்பாங்க.

"வண்டியில ஒரு குறையும் இல்லீங்க"ன்னேன்.

அதோட விட்டனா? கம்பெனி கிளட்சுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், ஆறு துண்டு எப்படிப் பிடிக்கும், எத்தனை இழுவை தாங்கும்னு அஞ்சு நிமிசம் விளக்கிச் சொன்னேன். யாராச்சும் தெரிஞ்சுக்கட்டுமேன்னுதான். பெரியவரு முழுசும் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, "அப்ப வண்டி நல்லா இருக்குது. அப்ப இது சகுனந்தான்"ன்னுட்டாரு.

அக்கா தரையில உக்காந்துருச்சு. கோகிலா கூட்டத்துல இருந்து என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறா. நான் மேல சீலிங் ஃபேனைப் பார்த்தேன். நல்லாத்தான் சுத்திக்கிட்டிருந்துச்சு.

அப்பத்தான் மாப்பிள்ளை ரூமுல இருந்து வந்தாரு. உதடு இத்தாத்தண்டி வீங்கியிருக்கு. பேச்சே சரியா வரல. "பெரியப்பா, தப்பு என்னுதுங்க. உக்காருங்க, வண்டியை எடுக்கறேன்னு மாமா ரெண்டு தடவை சொன்னாரு. நான்தான் போட்டோவுக்காக எக்கி நின்னேன். கால் வழுக்கிருச்சு. வண்டி நகரவே இல்லை. இதுக்குப் போய்ச் சகுனம் கிகுனம்னு பேசாதீங்க"ன்னாரு.

நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லீங்க. சொல்லியிருப்பேன். பொறுப்பான ஆளு நான், சொல்லாமலா இருப்பேன்? பெரியவரு கவினோட உதட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாரு. அப்பறம், "உன்ற கூத்துக்கு ஒரு அளவே இல்லையாடா?"ன்னு அவனைத் திட்டிட்டு, எல்லாரையும் சாப்பிடப் போகச் சொன்னாரு. கல்யாணம் நின்னுருச்சு, அதாவது நிலைச்சுருச்சு. நான் போயி அக்காகிட்ட, "பார்த்தியா, மாப்பிள்ளையே ஒத்துக்கிட்டாரு, என்ற வண்டி மேல தப்பில்லை"ன்னேன். அக்கா என்ற மொகத்தைக்கூடப் பார்க்கல. எந்திரிச்சுச் சேலையைத் தட்டிக்கிட்டு உள்ள போயிருச்சு.

விடியக்காலம் முகூர்த்தம். தாலிக்கு முன்னாடி தாய்மாமன் பொண்ணு நெத்தியில பொன் பட்டம் கட்டணும். அது எங்க வழக்கம், அதுல கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. நான் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு மேடைக்குப் போறேன், அங்க என்ற பங்காளி, எங்க பெரியப்பன் மகன் பட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறான். அக்கா ஏற்பாடு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. கல்யாணம் பண்ணி வைக்கற அருமைக்காரரு என்னைப் பார்க்கறாரு, அவனைப் பார்க்கறாரு. அப்ப சௌமியா தலையை நிமிர்த்தி, "எங்க தங்கமுத்து மாமா கட்டட்டுமுங்க"ன்னா. சத்தமாவே சொன்னா.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலீங்க. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். பார்த்தீங்களாடா, புள்ளைக்குத் தெரியுது மாமனோட அருமைன்னு அக்காவை ஒரு பார்வை வேற பார்த்தேன். பட்டத்தை வாங்கிக் குனிஞ்சு அவ நெத்தியில வச்சுப் பின்னாடி முடிச்சுப் போடறேன். மேளம் அடிக்குது. என்ற காதுக்குள்ள மட்டும் கேட்கற மாதிரி அந்தப் புள்ளை சொன்னா.

"மாமா, உங்க மானம் போகக்கூடாதுன்னு அவரு நேத்து அத்தனை பேருக்கு முன்னாடி பொய் சொன்னாரு. எனக்காக நீங்க ஒரு உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

கோவமாச் சொல்லலீங்க. கோவமாச் சொல்லியிருந்தா நானும் எதாச்சும் திருப்பிச் சொல்லியிருப்பேன். எனக்கு வாயில்லையா என்ன? சாதாரணமாச் சொன்னா. தண்ணி கேட்கற மாதிரி. முடி கனம் பிசகாமக் கடையற கைங்க இது, ஒரு முடிச்சுப் போட வரலீங்க. மூணு தடவை அவுந்துருச்சு. கடைசியில பக்கத்துல நின்ன பெரியப்பன் மகன்தான் பிடிச்சு உதவி பண்ணுனான்.

நான் கும்பிட்டுட்டுக் கீழ இறங்கிட்டேன். பந்தியில உக்காரல. வண்டியை ஓட்டாம டோயிங் வச்சு நேரா சிங்காநல்லூருக்கு எடுத்துட்டு வந்து, கழட்டுங்கன்னேன். ஆரோக்கியம் கம்பெனி தட்டு புதுசு ஒண்ணு மாட்டி, மேப்பையும் பழையபடி மாத்திக் குடுத்தாரு. இப்ப பாலத்துல மொபட்டெல்லாம் நல்லாத்தான் தாண்டிப் போகுது. போகட்டும். கோகிலா மறுபடி கார் ஓட்டறா. எனக்குத்தான் எங்கயும் போகத் தோணல.

நாலு மாசம் ஆச்சுங்க. மாப்பிள்ளைக்குப் பல்லு கட்டியாச்சு, ஜெயச்சந்திரன்தான் கட்டுனாராம். மறுவீட்டுக்கு எங்க வீட்டுக்கும் ரெண்டு பேரும் வந்தாங்க. கவின் எதுவுமே நடக்காத மாதிரி, பட்டறை எப்படிப் போகுது மாமான்னு கேட்டாரு. சௌமியா கால்ல விழுந்து கும்பிட்டா, சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னா. அக்கா தீபாவளிக்குப் பலகாரம் குடுத்து விட்டுச்சு. யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசலீங்க, எல்லாரும் மரியாதையாத்தான் இருக்கறாங்க. வண்டியைப் பத்தி மட்டும் யாரும் வாயைத் திறக்கறதில்லை. நான் பேச்சை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனாக்கூட, காபி போடட்டுமான்னு கேட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க.

நீங்க தட்டைப் பாருங்க, எடுக்கறதா இருந்தா எடுத்துக்குங்க, வேண்டாம்னாலும் வருத்தமில்லை. நான் போட்டதுதான் தப்புன்னு இப்பச் சொல்லிருவனுங்க தம்பி. எந்தச் சபையில வேணும்னாலும் எந்திரிச்சு நின்னு சொல்லிருவேன். ஆனா யாருமே கேட்க மாட்டேங்கறாங்களே.